அத்திப்பூ புட்டா

எங்கள் வீட்டுக்காரர் மணவாளன் பொய் சொல்லுவார். குறையாகச் சொல்லவில்லை, அடையாளமாகச் சொல்கிறேன். சிலருக்கு மூக்கில் மச்சம் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. ஜவ்வாது மலையில் சிறுத்தைக்கு வழிவிட்டு நின்றது, களம்பூர் ரைஸ்மில்லில் ஒற்றைக் கையால் நெல்மூட்டை தூக்கியது என்று இவர் ஆரம்பித்தால் டீக்கடைக்காரரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஒருத்தரும் பாதியில் எழுந்து போனதும் கிடையாது.

வாய்தான் அப்படி. கை பொய் சொல்லாது. இவர் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி மயில், மாங்காய், கோபுரம் என்று புட்டா வரைந்து தருவார். அந்தக் கட்டங்களை எண்ணி எண்ணி ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்துவது நான். அட்டை தறிக்கு மேலே ஏறும். ஓட்டை சொன்னபடி இழை தூக்கும். புடவையில் புட்டா விழும். கண்ணால் பார்க்காத எதையும் இவர் கிராப்பில் ஏற்றியதே இல்லை. யாளியைக்கூடக் கோயில் தூணுக்கு எதிரே இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போட்டார். ஒருமுறை அன்னம் கேட்டார்கள். அன்னத்தை நான் பார்த்ததில்லை என்று அடம்பிடித்து, ஏரியில் நீந்திய வாத்தைப் பார்த்து வாத்து போட்டுக் கொடுத்தார். அந்தப் புடவை நன்றாகவே விற்றது.

இவர் கையை நம்பித்தான் நான் பன்னிரண்டு வருஷமாக ஓட்டை குத்துகிறேன். வாயை நம்பியிருந்தால் என்றைக்கோ பெரணமல்லூருக்கு, எங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

1998 பங்குனியில், ஆரணியில் இவர் டிசைன் போட்டுத் தருகிற தனகோடி முதலாளி பட்டுக்கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு, ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை உடல் முழுக்க ஒரே பூ இருக்கவேண்டும். என்ன பூ என்று பஜாரில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார்கள். ஃபேக்ஸ் தாளில் எழுத்து நாலு நாளில் மங்கிவிடும் என்று பூத்துக்காரன் சரவணன் அதை வெள்ளைத்தாளில் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். 'உடல் முழுவதும் அத்திப்பூ புட்டா' என்று இருந்தது.

கடையில் அப்போது டிசைன் போடுகிற இரண்டு பேரும் இருந்தார்கள், இவரும் குமரேசனும். குமரேசன் இவரைவிட எட்டு வயது சின்னவன், கை வேகம் உள்ளவன். அத்திக்குப் பூ ஏதுங்க, யாருமே பார்த்ததில்லையே, அத்தி பூத்த மாதிரி வந்திருக்கிறாய் என்று அபூர்வமாக வருகிறவர்களைச் சொல்வதே அதனால்தானே என்று அவன் நியாயமாகக் கேட்டிருக்கிறான். முதலாளி பொதுவாகச் சுற்றிப் பார்த்து, யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நான் பாத்துகீறேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

முதலாளிக்கு வியாபாரம்தான் கண். எட்டு நாளில் கிராப் வந்தாகவேண்டும், புட்டா பெண் வீட்டாருக்குப் பிடித்துவிட்டால் தீபாவளி சீசன் டிசைன் முழுக்க உனக்கு, இல்லையென்றால் குமரேசனுக்கு என்று சொல்லிவிட்டார். தீபாவளி சீசன் என்பது எங்கள் வீட்டில் ஆறு மாதத்துச் சோறு.

வீட்டுக்கு வந்து சொன்னார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் குடித்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

"வாயி சொல்லிடுச்சி, புஷ்பா."

எனக்கு வந்த கோபத்தில் அட்டை குத்துகிற மிஷினைத் தூக்கிப் போட்டிருப்பேன். கனமாக இருந்ததால் விட்டேன்.

மறுநாள் காலையிலேயே கமண்டல நாகநதிக்குப் போய், கரையில் நிற்கும் அத்தி மரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஆற்றில் மணல்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. ஆனால் அத்திக்கு அடியில் எங்கோ ஈரம் கிடைக்கிறது போலிருக்கிறது, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. கிளையில் காய்க்கவேண்டியது அடிமரத்தில் காய்க்கிறதே, அதைப் பார்த்தாலே இது ஒழுங்கான மரம் இல்லை என்று தெரியவேண்டாமா? இவர் நோட்டும் பென்சிலுமாகப் பூவுக்குக் காத்திருந்தார். நேற்று இல்லாத இடத்தில் இன்று காய் இருந்தது. நடுவில் பூ வந்து போன தடயமே இல்லை.

மூன்றாம் நாள் அங்கே பதினாலு பேர் இருந்தார்கள். அத்திப்பூவைப் பார்த்தவனுக்கு யோகம் அடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். டீ கேனோடு ஒருத்தன் வந்துவிட்டான், சுண்டலும் வந்துவிட்டது. பூ எப்படி இருக்கும் என்று தெரியாததால் மரத்தில் எது அசைந்தாலும் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். ஒருமுறை அசைந்தது அணில். இன்னொருமுறை பச்சைப்புறா, அது இவர் நோட்டின் மேல் கழிந்துவிட்டுப் போனது.

நாலாம் நாள் இவருக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணனைப் பார்த்தால் தம்பி முகம் தெரியாதா? அத்திக்கு உறவுமுறை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினார். குளக்கரையில் அரசு, அதன் குட்டி ஒன்று மதில் வெடிப்பில். ஆற்காடு ரோட்டில் ஆல். ஏரிக்கரையில் இச்சி. எல்லாவற்றிலும் சின்னதும் பெரியதுமாகக் காய் இருந்தது, பழம் இருந்தது, பழம் தின்ன மைனாவும் காக்காயும் இருந்தன. பூ மட்டும் யார் வீட்டிலும் இல்லை. பூக்காமலே காய்க்கிற குடும்பம், நன்றாக விசாரித்துத்தான் சம்பந்தம் பண்ணவேண்டும் என்று சொன்னேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் கிராப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார். பார்த்தேன். எட்டு இதழ், நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் சுருள். அழகாகத்தான் இருந்தது. தாமரையில் பாதி, செவ்வந்தியில் பாதி, அதற்கு மேல் கொஞ்சம் திகைப்பு. கட்டங்களின் ஓரத்தில் ரப்பர் போட்டு அழித்த இடங்கள் கறுத்துக் கிடந்தன. பன்னிரண்டு வருஷத்தில் இவர் கிராப்பில் ரப்பர் பட்ட இடத்தை நான் பார்த்ததே இல்லை.

வாயால் இவர் ஆயிரம் சொல்லட்டும், ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும். கையும் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் இந்த மனிதரிடம் நான் நம்புவதற்கு என்ன இருக்கிறது?

"இதுக்கு நான் ஓட்ட குத்த மாட்டேன்" என்றேன். பின்பக்கத்தில் முகம் கழுவுகிற சத்தம் நின்றது.

என் தம்பி தருமன் படவேட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் தழை வெட்டுகிறவன். ஆடு வளர்க்கிறவர்களுக்குச் சைக்கிளில் கட்டுக்கட்டாகத் தழை கொண்டுபோய்ப் போடுவான். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தத் தழையை எந்த ஆடு ஒதுக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஏழாம் நாள் காலை முதல் பஸ்ஸில் இவரை இழுத்துக்கொண்டு அவனிடம் போனேன். பஸ்ஸில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் இவரைத் தெரிந்தவர். மணவாளனுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

தருமன் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். வாழைத்தோட்டங்களைத் தாண்டினால் பாறை. பாறையில் மண்ணே இல்லை, ஆனால் மரம் இருந்தது. வேரைக் கயிறு மாதிரி பாறைமேல் ஓடவிட்டு, வெடிப்பு கிடைத்த இடத்தில் உள்ளே இறக்கி நின்றது. கல்லிச்சி என்றான். தளிர் சிவப்பாக இருந்தது, அதற்கு ஆடு உயிரையே விடுமாம், அவ்வளவு ருசி. கொஞ்சம் தள்ளி ஒரு பனைமரத்தை ஆல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது; பனையின் உச்சி மட்டும் மேலே தெரிந்தது. காக்காய் எச்சத்தில் வந்து பனைமட்டையில் முளைத்து, வேரைக் கீழே விட்டு, வீட்டுக்காரரையே நெருக்கித் தள்ளிவிட்ட குடித்தனக்காரர். ஓடையோரம் பேயத்தி நின்றது. அதன் இலை உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது, காய் மேலெல்லாம் பூனை மயிர். அதைத் தின்றால் வாய் ஊறல் எடுத்து அரிக்கும் என்று தருமன் எச்சரித்தான். எச்சரிப்பதற்குள் இவர் ஒன்றைக் கடித்திருந்தார்.

ஓடை திரும்புகிற இடத்தில் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. அங்கேதான் அத்தி நின்றது, ஆற்றங்கரையில் பார்த்ததைப்போல நாலு பங்கு. வேரில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. அடிமரம் தெரியாமல் காய். கீழே விழுந்த பழத்தை எறும்பும் ஈயும் மொய்த்தன. மேலே குரங்குகள் தின்றுகொண்டிருந்தன. பூ உண்டா என்று தருமனைக் கேட்டேன். தழை வெட்ட ஆரம்பித்து இருபது வருஷம், கண்டதில்லை என்றான். இவர் வேரில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குப் போய் முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குப் பசி. பழம் ஒன்றை எடுத்துப் பிட்டேன். உள்ளேயிருந்து கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் பத்துப் பதினைந்து பொலபொலவென்று பறந்தன. சீ என்று தூக்கிப்போட்டுவிட்டு, பழுத்ததில்தானே பூச்சி, பச்சைக்காயில் இருக்காது என்று தருமனின் அரிவாளில் ஒரு காயைப் பிளந்தேன். உள்ளே சதை இல்லை. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் ஓட்டிலிருந்து உள்பக்கமாக நெருக்கி நெருக்கி ஏதோ நின்றது. எதையும் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்க்கிற பிழைப்பு எனக்கு. இழை எண்ணுகிற லென்சு இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. காம்பு நுனியில் இளஞ்சிவப்பில் குட்டி மடல். மடலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு இழை. ஒன்றல்ல, எண்ணி முடியாது. எல்லாம் நடுவைப் பார்த்து நின்றன, கூட்டம் கூடிய மாதிரி. காயின் உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு பூச்சி தலையை உள்ளே கொடுத்து மாட்டிக்கொண்டு, இறக்கையை வெளியே விட்டிருந்தது. அது காய் இல்லை. பூவெல்லாம் உள்ளே வைத்து மூடிய வீடு.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

இவர் வந்து லென்சை வாங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தருமன் ஒரு கட்டு தழை வெட்டி முடித்தான். இரண்டாவது கட்டும் முடித்தான். குரங்குகள்கூடச் சலித்துப்போய் அடுத்த மரத்துக்குப் போய்விட்டன. அப்புறம் நோட்டை எடுத்துப் போட ஆரம்பித்தார். ரப்பர் ஆரணியிலேயே இருந்தது.

எட்டாம் நாள் கிராப் தயார். வட்டமாக ஒரு காய், இரண்டாகப் பிளந்தது, உள்ளே ஓரத்திலிருந்து நடுவைப் பார்க்கும் நூற்றுச் சொச்சம் பூ, உச்சியில் வாசல், வாசலில் அந்தப் பூச்சி, மூன்றே கட்டத்தில். நான் குத்தியதிலேயே கஷ்டமான அட்டை அதுதான். கை வலித்தது, ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. தறியில் அரக்கு உடலில் ஜரிகையாக அது இறங்கியபோது தெருவே வந்து பார்த்தது. தனகோடி முதலாளி பணியாரமா என்றார். நெசவாளி பொன்னுசாமி சூரியன் என்றார். குமரேசன் வெங்காயத்தை வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றான். அது கொஞ்சம் உண்மைதான், எனக்குக் கோபம் வந்தாலும்.

வைகாசி பிறந்ததும் பெண் வீட்டார் காரில் வந்தார்கள். அந்த அம்மாவும், தீபா என்ற கல்யாணப் பெண்ணும். அட்டை குத்தினவள் என்று எனக்கும் கடைக்கு அழைப்பு. முதலாளி புடவையைப் பாயில் விரித்தார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நாங்க கேட்டது ஆத்திப்பூல்ல? இது என்னங்க?"

ஆத்தி. சோழ ராஜாக்கள் மாலையாகப் போட்டுக்கொண்ட பூவாம். அவர்கள் குடும்பத்தில் முகூர்த்தத்துக்கு வழிவழியாக அந்தப் பூ போட்ட புடவைதானாம். சரவணனைப் பூத்திலிருந்து கூட்டிவந்தார்கள். தமிழ் பி.ஏ.வில் இரண்டு பேப்பர் அரியர் வைத்திருப்பவன் அவன். ஃபேக்ஸில் ஆத்தி என்றுதான் இருந்தது, அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆச்சரியப்பட்டால்தானே ஆத்தி என்பார்கள், ஆகவே எழுத்துப்பிழை என்று நினைத்துத் தான் திருத்தியதாகச் சொன்னான். அவன் பிடுங்கிப் போட்டது ஒரே ஒரு சுழி. அதற்குத்தான் நாங்கள் குரங்குகளோடு ஒரு நாள் குடித்தனம் நடத்தினோம்.

முதலாளி சட்டென்று சுதாரித்தார். இது ஆத்திப்பூதானுங்க, எங்கள் ஊர் பாணியில் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கிறது, அதோ டிசைன் போட்டவரே இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று இவர் பக்கம் கையைக் காட்டினார். காட்டின கையின் பின்னாலேயே கண்ணையும் காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த அம்மா நம்பத் தயாராகத்தான் இருந்தார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிறுத்தையைக் கொண்டுவருகிற வாய்க்கு இது ஒரு வேலையா? தீபாவளி சீசன் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. சொல்லிவிடுங்கள் என்று நானும் மனசுக்குள் சொன்னேன். அரிசி விலை தெரிந்தவள் நான். அதே நேரம் சொல்லிவிடப்போகிறாரே என்று பயமாகவும் இருந்தது.

இவர் புடவையைப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்தார்.

"இல்லீங்க. இது அத்திப்பூ. பாத்துகீறேன்னு மொதலாளிகிட்ட பொய் சொல்லிதான் வேல வாங்கினேன். இவதான் கண்டுபிடிச்சி காட்டினா. ஆத்திப்பூவ நான் பாத்ததில்ல."

முதலாளி முகம் புடவை நிறத்துக்கு வந்துவிட்டது. குமரேசன்தான் முந்திக்கொண்டான். ஆத்திப்பூ தானே, நான் பார்த்திருக்கிறேன், பதினைந்து நாளில் போட்டுத் தருகிறேன் என்றான். ஆர்டர் அந்த நிமிஷமே அவனுக்குப் போனது. தீபாவளி சீசனும் அவனுக்கே என்று முதலாளி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தீபா மட்டும் என்னிடம் லென்சை வாங்கி அந்தப் பூச்சியை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது ரிசப்ஷனுக்கு இருக்கட்டும் என்று புடவையை மடித்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஜாரில் இவர் என்னைவிட நாலடி பின்னால் வந்தார். நான் நின்றேன், அவரும் நின்றார். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. கால் கிலோ அல்வா வாங்கினேன். ஆறு மாதத்துச் சோறு போன அன்றைக்கு யாரும் செய்கிற வேலை இல்லைதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் குமரேசன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். உள்ளே வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, ஆத்திப்பூ எப்பிடிண்ணே இருக்கும்?"

அடப்பாவி என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியாது என்றார். குமரேசன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? இவருக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் உண்டு என்று இவர் வாயால் அவன் கேட்டதே இல்லை. கடையில் சொன்னதைக்கூட அந்த அம்மாவிடம் நல்ல பேர் வாங்கப் போட்ட நாடகம் என்றுதான் நினைத்திருக்கிறான். தெரியாதுடா என்று இவர் இரண்டாம் தடவையும் சொன்னார், மூன்றாம் தடவை சத்தியமே பண்ணினார். சத்தியம் பண்ணியதும் குமரேசனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. கண் கலங்க என் பக்கம் திரும்பினான்.

"வேல போன காண்டுல, தெரிஞ்சிகினே சொல்ல மாட்டேன்றாரு அண்ணி. நீங்களாச்சும் கேட்டு சொல்லுங்க."

இவரைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்லி, அதை ஒருத்தனாவது நம்பவேண்டுமே என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷம் இவருக்காக ஊரில் தலைகுனிந்திருக்கிறேன். இன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவருக்கு நெசமாவே தெரியாது குமரேசா. அவரு சொன்னா நம்பலாம்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை என் வாயிலிருந்து இவர் அன்றுதான் கேட்டார். காது சிவந்துபோய், எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார், பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு. படவேட்டு பஸ் மூன்று மணிக்கு, தருமனைக் கேட்கலாம், ஜல்தியாகக் கிளம்பு என்று குமரேசனிடம் சொன்னார். நான் லென்சை எடுத்து இவர் கையில் கொடுத்தேன்.